வீட்டு ரேஸிங் சிமுலேட்டருக்கு எந்த சீட் வாங்கலாம்?

கேள்வி: சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கை மேஜையில் பூட்டி, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். ஒரு மணி நேரம் தாண்டினால் கீழ் முதுகும் வலது தொடையும் வலிக்கின்றன. அடுத்த ஆண்டு லோடு செல் பிரேக் (எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம் என்பதை அளக்கும் பெடல்) வாங்கும் எண்ணம் உண்டு. என்னைவிடக் குள்ளமான தம்பியும் ஓட்டுவான். வசதியான சீட் எது? பக்கெட் சீட் வாங்கலாமா?

பந்தயக் கார்களில் வரும், ஓடுபோல வார்த்த பக்கெட் சீட் வேண்டாம். உங்கள் நிலைமைக்கு நல்ல பழைய கார் சீட் ஒன்று போதும். ஆனால் அதைத் தேடிப் புறப்படுவதற்கு முன், வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். நாற்காலியின் தரத்தால் வரும் வலி வேறு, நாற்காலி நின்ற இடத்திலேயே நிற்காததால் வரும் வலி வேறு. இரண்டாவதை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீட்டாலும் தீர்க்க முடியாது.

உண்மையான பந்தயக் காரில் சீட்டுக்கு இரண்டு வேலைகள்: வளைவுகளில் ஓட்டுநரைப் பக்கவாட்டில் சாயவிடாமல் பிடிப்பது, விபத்தில் காப்பது. தொடைக்கும் தோளுக்கும் இருபுறமும் உயர்ந்து நிற்கும் இறக்கைகள் அதற்காகத்தான். வீட்டில் அசையாமல் நிற்கும் ரிக்கில், அதாவது சீட், ஸ்டீயரிங், பெடல் மூன்றையும் பூட்டும் சட்டத்தில், வளைவும் இல்லை, மோதலும் இல்லை. அங்கே உங்களைத் தள்ளுவது உங்கள் சொந்தக் கால்தான். காரில் பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் போகிறது. பெடலை மிதிக்க அந்த எடையும் உதவுகிறது. வீட்டில் அந்த உதவி கிடைக்காது. பெடலை 40 கிலோ விசையோடு மிதித்தால், அதே 40 கிலோ உங்கள் இடுப்பைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்க வேண்டியது சாய்மானத்தின் அடிப்பகுதி. ஆகவே சிமுலேட்டர் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மென்மையை அல்ல. இடுப்பெலும்புக்கு நேர் பின்னால் அந்த சீட் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைத்தான்.

அலுவலக நாற்காலி தோற்பது இந்த இடத்தில்தான். அதற்குச் சக்கரம் உண்டு, சுழலும், சாய்மானம் ஸ்பிரிங்கில் பின்னால் போகும். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் அது நழுவுகிறது. நழுவாமல் பிடித்துக்கொள்ள உங்கள் தொடைத் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வலது தொடை வலிக்கு இதுவே காரணம் என்று என் கணிப்பு. கீழ் முதுகு வலிக்கான காரணமும் தூரத்தில் இல்லை: சாய்மானம் பின்வாங்கும்போது இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு கூன் போடுகிறது. ஓட்டாத நேரத்திலும் வலி நீடித்தால், அல்லது காலுக்குள் இறங்கி மரத்துப்போனால், அதைச் சீட் விஷயம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் உள்ள சாதாரண மர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி29 பெடல் தட்டின் அடியில் போல்ட் போடத் துளைகள் உண்டு. அதை ஒரு நீளமான பலகையில் பூட்டுங்கள். பலகையின் மறுமுனையை நாற்காலிக்கு அடியில் விட்டு, நாற்காலிக் கால்களைப் பலகையோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இனி பெடலும் இருக்கையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியாது. பார்க்க அழகாக இருக்காது. இரண்டு மூன்று நாள் இதில் ஓட்டிப் பாருங்கள். தொடை வலி போய்விட்டால், நீங்கள் தேட வேண்டியது சொகுசான சீட்டை அல்ல, எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பூட்டக்கூடிய ரிக்கை.

அதே மர நாற்காலியில் உட்கார்ந்தபடி உங்கள் உடலின் அளவுகளையும் தெரிந்துகொள்ளலாம். இடுப்பைச் சாய்மானத்தின் அடியில் நன்றாக ஒட்டிவைத்து பிரேக்கை முழுவதுமாக மிதியுங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் பெடல் தூரமாக இருக்கிறது என்று பொருள். அடுத்து, தோள்கள் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டி, மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் உச்சியில் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஸ்டீயரிங் தூரத்தில் இருக்கிறது; நாளடைவில் தோள்பட்டை வலிக்கும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அந்த விளிம்பு தொடையின் அடியை அழுத்தினாலும் கால் மரத்துப்போகும். பலர் அதற்குத் தடித்த மெத்தையைப் போடுகிறார்கள். அது விளிம்பை மேலும் உயர்த்திக் கெடுதலைக் கூட்டுகிறது.

கோணங்களையும் சொல்லிவிடுகிறேன், தோராயமாகத்தான். சாலைக் கார், ஜிடி கார் (சாலைக் கார் வடிவிலான பந்தயக் கார்) ஓட்டும் அமைப்பில் தொடைக்கும் உடலுக்கும் இடையே 100 முதல் 115 பாகை வரை இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரிவரும். இருக்கையின் முன்பகுதி பின்பகுதியைவிடப் பத்துப் பாகை அளவுக்கு உயர்ந்திருக்கட்டும். இந்தச் சிறிய சாய்வு இல்லாவிட்டால் எந்த சீட்டிலும் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். குதிகாலும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும் ஃபார்முலா அமைப்பு கடினமான பிரேக்குக்கு அருமையானது. விசை நேராக முதுகுக்குப் போகும். ஆனால் அதில் ஏறி இறங்குவது ஒரு வேலை, திரையையும் அதற்கேற்ப இடம் மாற்ற வேண்டும். முதல் ரிக்குக்கு அது வேண்டாம்.

இனி சீட் வகைகள்.

கேமிங் நாற்காலியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடலாம்: பந்தய சீட்டின் சட்டையைப் போட்டுக்கொண்ட அலுவலக நாற்காலி அது. அதே சக்கரம், அதே சுழற்சி. போதாக்குறைக்கு மேலுறை பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையிலேயே சிதைந்து செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மடக்கி வைக்கக்கூடிய காக்பிட்டுகளை, உதாரணமாக பிளேசீட் சேலஞ்ச், நெக்ஸ்ட் லெவல் ரேஸிங் ஜிடிலைட் போன்றவற்றை, நான் இகழ மாட்டேன். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தூளிபோலத் துணி தொங்கும். ஓட்டி முடித்ததும் மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இது பெரிய வசதி. துணி என்பதால் காற்றும் போகும். ஜி29 அளவிலான ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் பொருத்தமானவைதான். லோடு செல் பிரேக் வந்ததும் கதை மாறும். காலை ஊன்றி மிதித்தால் சட்டம் வளையும், துணி நெகிழும். பிரேக்கின் துல்லியத்துக்காகக் கொடுத்த காசில் பாதி அங்கேயே கரையும். நீங்கள் அடுத்த ஆண்டு பிரேக்கை மாற்றப்போவதாகச் சொல்வதால்தான் இதை உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

பக்கெட் சீட்டுக்கு வருவோம். ஃபைபர் கண்ணாடி ஓடு, மெல்லிய நுரை, மேலே துணி, அவ்வளவுதான். சாய்மானம் அசையாது. பிரேக் விசையைத் தாங்குவதில் இதற்கு இணை இல்லை. உடலுக்குச் சரியாகப் பொருந்தினால் மணிக்கணக்கில் உட்காரலாம் என்பதும் உண்மை. ஃபார்முலா 1 காரின் சீட்டில் மெத்தை என்று சொல்லும்படி ஏதும் கிடையாது. ஓட்டுநரை ஒரு பையின் மேல் உட்காரவைத்து, அதற்குள் நுரையை இறுகவிட்டு, அவருடைய முதுகின் வடிவத்தை அப்படியே அச்செடுத்து, அதன்படி கார்பன் ஃபைபரில் ஓடு செய்கிறார்கள். உடல் முழுவதும் சீராகத் தாங்கப்படுவதால் அழுத்தம் ஓரிடத்தில் குவிவதில்லை. மெத்தை இல்லாமலே வலியில்லாமல் ஓட்ட முடிவது இதனால்தான்.

கடையில் வாங்கும் பக்கெட் சீட் யாரோ ஒரு சராசரி உடலுக்கு வார்க்கப்பட்டது. அந்த உடல் உங்களுடையதாக இல்லையென்றால் சரிசெய்ய அதில் ஒரு நெம்புகோல்கூட இல்லை. ஸ்பார்கோ, ஓஎம்பி போன்ற நிறுவனங்கள் பல அளவுகளில் சீட் செய்வது இதனால்தான். வாங்கியே தீருவேன் என்பவர்கள் குறைந்தது இடுப்பை அளந்துகொள்ளட்டும். தட்டையான பலகையில் உட்கார்ந்து, இடுப்பின் இரு பக்கமும் தடித்த புத்தகங்களை நிறுத்தி ஒட்டிவைத்து, எழுந்து, நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நின்றபடி எடுக்கும் அளவு உதவாது; உட்கார்ந்தால் உடல் விரியும். அந்த அளவோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சேர்த்து, சீட்டின் உள்ளகலத்தோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் வெளியகலத்தைப் போட்டுவிட்டு உள்ளகலத்தைச் சொல்லாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். தலைக்கு இருபுறமும் இறக்கை வைத்த மாடல்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை. ஹெட்போன் இடிக்கும், விஆர் கண்ணாடி போட்டுத் தலையைத் திருப்பினால் அதுவும் இடிக்கும்.

மோட்டார் பந்தயங்களோடு பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. பந்தய சீட்டுகளுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ காலாவதி வைத்திருக்கிறது. 8855-1999 என்ற தரக்குறியீடு பெற்ற சீட், தயாரித்த ஆண்டிலிருந்து 5 ஆண்டுகள்தான் செல்லும். 8862-2009 குறியீடு என்றால் 10 ஆண்டுகள். காலாவதியானதைப் பந்தயத்தில் பயன்படுத்த முடியாது என்பதால் பாதுகாப்புச் சாதனம் என்ற அளவில் அது மதிப்பிழக்கிறது. ஆனால் வரவேற்பறையில் மோதல் நடக்கப்போவதில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டுபவர்கள் யாரையாவது தெரிந்தால், கழித்துப்போட்ட சீட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓட்டில் விரிசல் இல்லாமல், உங்கள் இடுப்புக்குப் பொருந்தினால் நான் சொன்ன ‘வேண்டாம்’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மற்றபடி பழைய கார் சீட்தான். ஒரு கார் நிறுவனம் குட்டை, நெட்டை, ஒல்லி, பருமன் என்று எல்லோரும் பல மணி நேரம் உட்காரும்படி வடிவமைத்த பொருள் அது. சாய்மானத்தைச் சரிசெய்யலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம், தலைத் தாங்கியை உயர்த்தலாம். நுரையின் அடர்த்தி கேமிங் நாற்காலியில் கிடைக்காதது. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் பக்கத்துக் காயலான் கடைகள், அல்லது உங்கள் ஊரில் விபத்துக்குள்ளான கார்களைப் பிரித்து விற்கும் இடம் எதுவாக இருந்தாலும் நேரில் போய் உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது முன்பக்க இடது சீட்டை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், அவருடைய சீட்டில் நுரை அமுங்கியிருக்கும். கதவுப் பக்கம் ஏறி இறங்கித் தேய்த்ததில் வலது ஓரமும் சிதைந்திருக்கும். இடது சீட்டில் தினமும் ஆள் உட்காருவதில்லை. அதே காரின் இடது சீட் பெரும்பாலும் பல ஆண்டுகள் இளமையாக இருக்கும். ஓட்டுநர் சீட்டில் உயரத்தைச் சரிசெய்யும் நெம்புகோல் இருக்கிறதே என்று கடைக்காரர் ஆசை காட்டலாம். ரிக்கில் உயரத்தை நீங்களே அமைத்துக்கொள்ளப் போகிறீர்கள்; அது தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடது சீட்டில் சாய்மானத்தை நகர்த்தும் நெம்புகோல் இடப்பக்கம் இருக்கும். ரிக்கின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் கை நுழையாது.

சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்ற சிறு பட்டி தைத்திருக்கிறதா, அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த சீட்டை விட்டுவிடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக்கின் உள்ளே வெடித்து விரியச்செய்யும் மருந்து இருக்கிறது. பிரித்தெடுப்பது வீட்டில் ஸ்குரூடிரைவரோடு செய்யும் வேலை அல்ல. மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதும் ஆபத்து. அண்மைக்கால மாடல்களில் இது பரவலாகிவிட்டது. கொஞ்சம் பழைய சிறிய கார்களின் சீட் நமக்குப் போதும். மின்சாரத்தில் நகரும் சீட்டும் வேண்டாம். 12 வோல்ட் மின்வழங்கியைத் தேடி அலைய வேண்டிவரும்.

பிறகு கடையிலேயே செய்ய வேண்டிய முக்கியமான சோதனை. சீட்டைச் சுவருக்கு எதிரில் தரையில் வைத்து, பின்புறம் நகராமல் எதன்மீதாவது முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து, வலது காலைச் சுவரில் ஊன்றி, பிரேக் மிதிப்பதுபோலப் பலமாகத் தள்ளுங்கள். சாய்மானம் லொடக்கென்று அசைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டாலோ வாங்க வேண்டாம். காரில் யாரும் கவனிக்காத அந்த ஆட்டம் லோடு செல் பிரேக்கில் ஒவ்வொரு மிதியிலும் தெரியும். சீட் முன்னும் பின்னும் நகரும் அடித் தண்டவாளம் இரு பக்கமும் ஒரே சமயத்தில் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். துருவுக்கு எண்ணெய் போதும், வளைந்த தண்டவாளத்துக்கு மருந்து இல்லை. கிழிந்த உறையைப் பற்றிக் கவலை வேண்டாம். சீட் கவர் தைப்பவர்கள் புதிதாகத் தைத்துத் தருவார்கள். நுரை கெட்டிருந்தால்தான் கஷ்டம். கையை ஊன்றி அழுத்தினால் அடியில் கம்பி தட்டக் கூடாது.

உறைக்குத் துணியையே தேர்ந்தெடுங்கள். பழைய கார் சீட்டுகளில் பெரும்பாலும் மேலே ஒரு ரெக்சின் உறை மாட்டியிருப்பார்கள்; அதைக் கழற்றினால் அடியில் நிறுவனம் தைத்த துணி புத்தம் புதிதாக இருப்பதுண்டு. ஏசி இல்லாத அறையில், அரைக்கால் சட்டையோடு ரெக்சினில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஷாம்பூ போட்டுத் துடைத்து, நல்ல வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈர நுரையோடு உறையை மூடினால் வாடை போகவே போகாது.

பூட்டும்போது ஒரு சிக்கல் வரும். கார் தரை சமமாக இருப்பதில்லை என்பதால் பல சீட்டுகளின் நான்கு கால்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். சில கால்கள் சாய்வாகவும் இருக்கும். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் சட்டம் செய்வதானால் சீட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள், அளவு எழுதிக்கொடுத்தால் சரிவராது. முன்பக்கம் பத்துப் பாகை உயர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். வாடகை வீடு என்கிறீர்கள். எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துவிடாமல், சீட் பகுதியையும் பெடல் பகுதியையும் போல்ட்டில் பிரிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். வீடு மாறும்போது மாடிப்படியில் தெரியும் இதன் அருமை. அலுமினியம் புரொஃபைல் (நீளவாக்கில் போல்ட் பூட்டும் காடி ஓடும் கம்பம்) சட்டம் விலை கூடியது. ஆனால் பின்னால் எதை மாற்றினாலும் புதிய துளை போட வேண்டியதில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டிலும் உறுதியான ரிக் செய்ய முடியும்.

தம்பிக்காகவும் யோசித்திருக்கிறீர்கள், நல்லது. சீட்டை முன்னால் நகர்த்தினால் பெடல் அருகில் வரும், ஆனால் ஸ்டீயரிங்கும் நெஞ்சுக்கு வந்துவிடும். அதனால் சீட் தண்டவாளத்தை மட்டும் நம்பாமல், பெடல் தட்டை இரண்டு மூன்று இடங்களில் பூட்டும்படி துளைகள் வைக்கச் சொல்லுங்கள். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்று ஓட்டுநர்கள் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பெரிய உடலுக்கு ஏற்ற சீட் காரில் இருக்கும். மற்றவர்கள் தங்கள் அளவுக்குச் செய்த உள்ளுறையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். வீட்டிலும் அதே முறை செல்லும். உங்கள் அளவுக்கு சீட்டை அமைத்துவிட்டு, தம்பிக்கு முதுகுப் பக்கம் வைக்க ஒரு கெட்டியான நுரைப் பலகையை உறை போட்டுத் தைத்துக்கொடுங்கள். தலையணை வேண்டாம், பிரேக் மிதித்தால் அமுங்கிவிடும்.

சீட் இறங்கியதும் திரையையும் இறக்க வேண்டும். ரிக்கில் நீங்கள் மேஜை நாற்காலியைவிடத் தாழ்வாக உட்காருவீர்கள். திரை பழைய உயரத்திலேயே இருந்தால் கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வலிக்கும் சீட்டின் மேல்தான் பழி விழும். கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வரட்டும். அதிர்வுக் கருவி பொருத்தும் ஆசை வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பக்கெட் சீட்டின் ஓடு அதிர்வை அப்படியே கடத்தும், கார் சீட்டின் நுரை பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதைச் சீட் சட்டத்தில் பூட்டி, ரிக்கின் கால்களுக்கு ரப்பர் வையுங்கள்; கீழ்வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்கு மேலே ஏறி வராமல் இருப்பார்.

லோடு செல் பிரேக் வந்த பிறகு, முழு பிரேக்குக்கு எத்தனை கிலோ விசை வேண்டும் என்பதை மென்பொருளிலேயே குறைத்துக்கொள்ளலாம். கருவி 100 கிலோ தாங்கும் என்பதற்காக 100 கிலோவில் ஓட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. 30 கிலோவில் தொடங்குங்கள். காலுக்குப் பழகி, சீட்டும் சட்டமும் அசையவில்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்றிய வாரத்தில் முதுகு வலித்தால் சீட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த எண்ணைத் திரும்பக் குறைத்துப் பாருங்கள்.